யானைக்கும் அடி சறுக்கும்

விழாத் தலைவர் அவர்களே, முதல் வரிசையில் வந்து அமர்ந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெண் பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் 1910இல் பிறந்த மரீ டோலிங்கரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அவர் ஓடிய ஓட்டம், போர் அவர் குடும்பத்தை என்ன செய்தது, பெண்களின் 800 மீட்டர் ஓட்டத்துக்கு என்ன நேர்ந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். 1936, பெர்லின் ஒலிம்பிக்ஸ். பெண்கள் 4x100 தொடர் ஓட்டம். முதல் சுற்றிலேயே ஜெர்மனி 46.4 விநாடியில் உலக சாதனை. மறுநாள் இறுதிப் போட்டி. அரங்கம் நிரம்பி வழிகிறது, ஹிட்லர் மேலே உட்கார்ந்து பார்க்கிறார். அல்பஸ் ஓடினார், க்ராவுஸ் ஓடினார், மூன்றாவதாக நம் மரீ பறந்து வந்தார். அமெரிக்கப் பெண் பல மீட்டர் பின்னால்! இனி இல்ஸெ டோர்ஃபெல்ட் கோலை வாங்கி ஓடினால் போதும். கை நீட்டினார், வாங்கினார், நழுவியது! கோல் தரையில். கூட்டம் அப்படியே உறைந்துபோனது. டோர்ஃபெல்ட் அழுதுகொண்டே நின்றார். அமெரிக்கா 46.9இல் தங்கம் வாங்கியது. கவனியுங்கள், முந்தைய நாள் ஜெர்மனி ஓடியது 46.4. அந்தச் சாதனை 1952 வரை நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் ஐயா!

அப்புறம் போர் வந்தது. மரீயின் கணவர் ஃப்ரீட்ரிக் ஹென்ட்ரிக்ஸும் ஓட்டக்காரர்தான், 1932இல் தொடர் ஓட்ட வெள்ளி வாங்கியவர். 1941இல் போரில் மாண்டார். மகள் புருன்ஹில்டெக்கு அப்போது மூன்று வயது. அந்தக் குழந்தைதான் 1960இல் ரோமில், அம்மா ஓடிய அதே தொடர் ஓட்டத்தில், வெள்ளிப் பதக்கம் வாங்கியது. கைதட்டுங்கள், தகும்.

நான் மேடைதோறும் பேசும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். இதே மரீ 1928இல், 17 வயதில், ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓடி ஏழாவதாக வந்தார். ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் பாதிப் பேர் மயங்கி விழுந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. பெண்ணுடம்பு தாங்காது என்று 800 மீட்டரையே ஒலிம்பிக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது எப்போது? மகள் பதக்கம் வாங்கிய அதே 1960இல்! 32 ஆண்டுகள்! யானைக்கும் அடி சறுக்கும், சரி. சறுக்காத யானையைச் சறுக்கியது என்று சொல்லிப் பாதையையே அடைப்பது என்ன நியாயம்?

நம் பள்ளிகளில் நடப்பதும் அதுதான். பத்தாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகளின் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். தலைமையாசிரியை அம்மா அவர்களே, அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். ஊராட்சித் தலைவி அவர்களே, மைதானத்துக்கு இரண்டு விளக்குகள் போட்டுத் தாருங்கள். மனு வாசலில் இருக்கும் மேசைமேல் இருக்கிறது. தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.