கேத்தரின் என்னும் பெயரும் அதன் எழுத்துகளும்

அவைத் தலைவர் அவர்களே, மொழியார்வம் கொண்ட பெரியோர்களே, வணக்கம்.

ஆங்கிலேயப் பெண்பெயர்களுள் கேத்தரின் அளவுக்கு எழுத்து வேறுபாடு கொண்டவை சிலவே. முதலெழுத்து ‘சி’யா ‘கே’யா, நடுவில் வருவது ‘இ’யா ‘ஏ’யா, கடைசியில் ‘ஐ’யா ‘ஒய்’யா என்று கேட்டால், எந்த விடைக்கும் சான்று காட்டலாம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவருள் மூவர் இப்பெயருடையவர்கள். ஸ்பெயினில் கத்தலீனாவாகப் பிறந்தவர் அவர்களுள் மூத்தவர். அவர்களை வேறுபடுத்த இன்றைய நூலாசிரியர் சிலர் ஒருவருக்குச் ‘சி’யும் மற்றொருவருக்குக் ‘கே’யும் இடுவது வெறும் வசதிக்காகவே, எழுத்துமுறை நிலைபெறாத அக்காலத்தில் அத்தகைய வரையறை எதுவும் இல்லை.

என் கருத்தில், இவற்றைவிடச் சுவையானது நடுவில் ‘டி’யை அடுத்து நின்று ‘த்’ ஒலியைக் குறிக்கும் ‘ஹெச்’. கிரேக்க மூலமான ‘ஐக்கட்டெரீனே’ என்பதில் அதற்கு இடமில்லை. அம்மூலத்தின் வேர் குறித்து அறிஞரிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஹெக்கட்டே என்னும் தெய்வத்தோடு இணைப்பாரும் உண்டு. ஆனால் அலெக்சாந்திரியாவின் கன்னிப் புனிதையான கேத்தரினைப் போற்றிய கிறித்தவர்கள், தூய்மை என்னும் பொருள் தரும் ‘கத்தரோஸ்’ என்ற சொல்லிலிருந்தே பெயர் பிறந்ததென்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையே இலத்தீன் வடிவத்தில் ‘ஹெச்’சைக் கொண்டுவந்து சேர்த்தது.

இங்கிலாந்தில் எழுத்து மாறிய பின்னும் நாக்கு எளிதில் மாறவில்லை. 1543இல் ஹென்றியை மணந்த கேத்தரின் பார், அரசியாகக் கையொப்பமிடும்போது ‘கே, ஏ, டி, இ, ஆர், ஒய், என்’ என்றே எழுதினார். அதில் ‘ஹெச்’ கிடையாது. கேட், கிட்டி என்னும் செல்லப்பெயர்களும் அந்தப் பழைய ‘ட்’ ஒலியையே காக்கின்றன. எலிசபெத்தைப் பெட்டி என்று அழைப்பதும் இவ்வகையே. ஏட்டில் கண்டதை வாயால் சொல்லும் பழக்கம் வலுத்த பிறகே ‘த்’ ஒலி நிலைத்தது. நாம் தமிழில் ‘த்த’ இட்டு எழுதுவதும் அந்தப் பிற்கால ஒலியைத்தான்.

எழுத்து ஒலியை மாற்றிய இதே நிகழ்ச்சி அயர்லாந்து வழியாக மீண்டும் நடந்தது. நார்மானியர் கொண்டுவந்த ‘கத்தலீன்’ என்னும் பிரெஞ்சு வடிவம் ஐரிஷ் மொழிக்குள் புகுந்து, பின் ஆங்கிலத்தில் கேத்லீன் ஆயிற்று. ஆனால் அந்த ஐரிஷ் எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொண்ட அமெரிக்கர்கள், அவற்றை ஆங்கில முறைப்படி ‘கேட்லின்’ என்று படித்தார்கள்; ஐரிஷ் மொழியார் எவரும் அவ்வாறு உச்சரிப்பதில்லை. பிறகு அந்தப் புதிய ஒலிக்கேற்பக் ‘கே’யும் ‘ஒய்’யும் இட்டு வெவ்வேறு வடிவங்களை அவர்களே அமைத்துக்கொண்டார்கள்.