சிடி4: பந்தியை நடத்துகிற அணு

வணக்கம் நேயர்களே. கொரோனா சமயத்தில் ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று லேபில் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கிருமியை எதிர்க்கிற அந்த ஆன்டிபாடி நன்றாக அமைவதற்கே பின்னால் ரத்தத்தின் ஒரு வெள்ளை அணு வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதில் பழைய கோபம். ஹெல்பர் டி செல் என்பார்கள், ரத்தப் பரிசோதனைத் தாளில் சிடி4 என்று இருக்கும்.

இது பெரும்பாலும் தானாக வைரஸைக் கொல்வதில்லை. கல்யாண வீட்டில் சமைக்கவும் மாட்டார், பரிமாறவும் மாட்டார், ஆனால் அவர் குரல் இல்லாமல் பந்தி நகராது என்று ஒரு பெரியப்பா இருப்பாரே, அப்படி. வைரஸின் துண்டை வேறோர் அணு கொண்டுவந்து காட்டும். அடையாளம் தெரிந்ததும் இது பல்கிப் பெருகி, ஆன்டிபாடி செய்கிற பி செல்லை முடுக்கிவிடும், வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கிற இன்னொரு வகை டி செல்லுக்கும் தெம்பு கொடுக்கும். திரும்பச் சொல்கிறேன், கொல்வது மற்றவர்கள், முடுக்குவது இது.

சரி, இது இல்லாமல் போனால்? 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு, நல்ல உடம்பை ஒன்றும் செய்யாத ஒரு பூஞ்சையால் நிமோனியா வந்ததாக அறிக்கை வந்தது. அதுதான் எய்ட்ஸ், காரணம் எச்ஐவி என்கிற வைரஸ், அது நுழைகிற கதவே சிடி4தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

நம் ஊர்க் கதையைச் சொல்லாமல் விட மாட்டேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். சேமித்து வைக்க வசதி கிடையாது, வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்தார்! அப்புறம் ரயிலேறிக் காட்பாடி போய், வேலூர் சிஎம்சியில் சோதித்தார்கள். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது. அந்தப் பெண்களை ஊர் பேசிய பேச்சு வேறு கதை, அதற்குத் தனி உரை வேண்டும்.

ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இருக்கும். எச்ஐவி உள்ளவருக்கு அது 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், தடுப்பூசி பற்றி எழுதிவந்த தாள் கையிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: எண் குறையட்டும் என்று மாத்திரைக்குக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. 2017 முதல் எச்ஐவி உறுதியானால், சிடி4 எவ்வளவு இருந்தாலும் ஏஆர்டி என்கிற எச்ஐவி மாத்திரையை அரசு ஏஆர்டி மையத்தில் இலவசமாகத் தொடங்கலாம். வணக்கம்.