எழுதியவர் எங்கள் முன் நிற்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

இலக்கிய விழாக்களில் அரசியல் நூலாசிரியர்களின் உரைகள் வாசகருக்குப் பயன் தருகின்றனவா, விளம்பரமாய் முடிகின்றனவா? இதுதான் இன்றைய தலைப்பு. பயன் தருகின்றன என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். எழுத்தாளர் புத்தகம் விற்க வருகிறார் என்றார். ஒரு மணி நேரம் கேட்டவர் நூலையே வாசித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார் என்றார். இலக்கிய விழா என்பது தெற்கே காலி நகரின் கோட்டையில் ஆங்கிலம் பேசுவோர் கூடுமிடம், எங்களுக்கு அதில் என்ன வேலை என்று முடித்தார்.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் ஆவணம் தேடி, ஆட்களைச் சந்தித்து எழுதியவர் தன் நூலை விற்பதில் என்ன குறை? அச்சகக் கடனைத் தீர்ப்பதற்காகவே இங்கே பலர் வெளியீட்டு விழா வைக்கிறார்கள். அது சபைக்கும் தெரியும்.

ஆனால் அந்த வெளியீட்டு விழாவைச் சற்று நினைத்துப் பாருங்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை. முதற்பிரதி பெறுபவர் மேடைக்கு வருவார். சிறப்புப் பிரதி வாங்க ஒரு வரிசை நிற்கும். எழுதியவர் ஏற்புரைக்கு எழும்பும்போது பாதிப்பேர் பஸ் பிடிக்க வெளிக்கிட்டுவிடுவார்கள். அவரும் நன்றி சொல்லிவிட்டு இருந்துவிடுவார். நூலில் ஒரு பிழையைக் கண்ட வாசகர் அதை எங்கே கேட்பது? நிகழ்ச்சிநிரலில் அவருக்கு இடமே இல்லை. கவிதைத் தொகுப்புக்கு இது போதும். போரைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, ஓர் அரசாங்கத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு இது போதாது. அந்த நூலில் வருகிற மனிதர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

விழா அமர்வின் முறை வேறு. நூலை வாசித்த ஒருவர் எதிரே இருந்து கேட்பார், ஆசிரியர் பதில் சொல்வார், பிறகு ஒலிவாங்கி சபைக்கு வரும். என் வாதம் முழுவதும் அந்த ஒலிவாங்கியை நம்பித்தான் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் போர்க்கால அரசியல் பற்றித் தான் எழுதிய நூலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். 1995 ஒக்டோபர் 30, போரால் வலிகாமத்துச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த இரவு, நூலில் ஒரே ஒரு பந்தி. கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழும்பினா. "தம்பி, சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது எண்டு ஒரு வசனத்தில எழுதிப்போட்டியள். அந்தப் பாலம் தாண்ட எங்களுக்கு விடிஞ்சு போச்சு. குடையை மறிச்சுப் பிடிச்சு மழைத் தண்ணி ஏந்திப் பிள்ளையளுக்குக் குடுத்தனாங்கள். அதை ஏன் எழுதேல்லை?"

ஆசிரியர் சமாளிக்கவில்லை. தன்னுடைய பிரதியை விரித்தார். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள், எந்த ஒழுங்கையால் வந்தனீங்கள் என்று கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதினார். அம்மா நின்றபடி சொல்லி முடிக்கும்வரை சபை பொறுத்திருந்தது.

அடுத்து ஒலிவாங்கியை வாங்கியவர் சோனகதெருக்காரர், 1990இல் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய யாழ்ப்பாண முஸ்லிம்களில் ஒருவர். "1990ஆம் ஆண்டு, இதே ஒக்டோபர் 30. ரெண்டு மணித்தியாலத்தில வெளியேறச் சொன்னவை. உங்கட புத்தகத்தில நாங்கள் எத்தனையாம் பக்கத்தில இருக்கிறம்?" ஆசிரியர் பக்கங்களைப் புரட்டவில்லை. "இல்லை" என்றார். அடுத்த பதிப்பில் வரவேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டிலே இருந்து வாசியுங்கள், மேடை எதற்கு என்று கேட்ட எதிரணி நண்பரே, வீட்டில் தனியே இருந்து வாசிக்கிறவருக்கு, நூலில் இல்லாத பக்கத்தை யார் காட்டுவது? எனக்கு அன்று அதைக் காட்டியவர் அந்தச் சோனகதெருக்காரர்.

இப்படிக் கேட்கவும் பதில் சொல்லவும் முடியாதிருந்த காலம் இந்த ஊரில் இருந்தது. 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே நடந்தவற்றை எழுதி, ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்ட ஒரு நூலின் நான்கு ஆசிரியர்களில் அவர் ஒருவர். அந்த நால்வரையும் மேடையில் இருத்தி, சபைக்கு ஒலிவாங்கி கொடுக்க அன்று யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபம் கிடைத்திருக்குமா? இன்று கிடைக்கிற மண்டபத்தை விளம்பர மேடை என்று எதிரணி தள்ளிவிடுவது எனக்கு உண்மையாகவே நோகிறது.

வாசிப்புக்குக் கேடு என்ற வாதத்தில் இன்னொரு விடயமும் விடுபட்டுப் போகிறது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அடுத்த வருடம் மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. இதைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிப் புத்தகம் எத்தனை வீடுகளுக்கு எட்டும்? அப்படியொரு நூலை எழுதியவரை அழைத்து, பக்கத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இருத்துங்கள். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாய் ஆனபோது குருநகர்க் கடற்றொழிலாளி படகை இழுத்துக் கரையில் வைத்தவர். அந்த விலைக்கும் கடன் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று அவர் நேரே கேட்பார். கேட்டுப் பதில் பெற்றவருக்கு நூலைத் தேடும் எண்ணம் கூடுமே தவிரக் குறையாது.

காலி இலக்கிய விழாவுக்கு வருகிறேன். 2007இல் தொடங்கியது, ஆங்கிலம்தான் ஓங்கி ஒலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 2011இல் எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பும் நாடுகடந்து வாழ்ந்த இலங்கை ஊடகவியலாளர்களும், கருத்துச் சுதந்திரம் நசுக்கப்படும் நாட்டில் அந்த விழாவுக்குப் போகாதீர்கள் என்று எழுத்தாளர்களைக் கேட்டார்கள். எதிரணி அதைத் தனக்குச் சான்றாகக் காட்டியது. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. பெறுமதி இல்லாத மேடை என்றால், போகாதே என்று யாராவது மினக்கெட்டு அறிக்கை விடுவார்களா?

தமிழிலும் எங்களுக்கு வழி இருக்கிறது. 1988இல் ஜேர்மனியில் புலம்பெயர்ந்தவர்கள் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, 2013இல் தன் 41ஆவது அமர்வை யாழ்ப்பாணத்தில் நடத்தியது. அது வர முன்னரே வேண்டும், வேண்டாம் என்று கடும் சண்டை. அந்தச் சண்டையும் அரசியல் பேசத்தான் நடந்தது.

நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தரும்போது விழா நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு மணி நேர அமர்வில் கடைசி 25 நிமிடம் சபைக்கு. பொன்னாடை வேண்டாம். ஒலிவாங்கியை முன்வரிசைப் பிரமுகர்களுக்குக் கொடுக்க முதல், பின்வரிசைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.