வள்ளத்தைச் செய்த கை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் தோட்டப் பக்கங்களில் பழைய சாமான் எதைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அது வெள்ளைக்காரத் துரை காலத்துது." பேச்சு அதோடு சரி. துரை வாங்கினார், யார் செய்தது? எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது.

மலையகத்து டிக்கோயாப் பக்கம் ஒரு பங்களாவின் பின் கொட்டகையில், கூரைக்கடியில் கவிழ்த்துக் கட்டியிருந்த மர வள்ளத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கரையோரத்து ஓருவைப் போல் பக்கத்துக் கட்டை கிடையாது. வெளியே கன்வஸ் துணி; உள்ளே மெல்லிய வளைந்த சட்டங்கள், பித்தளை ஆணிகள். இது அமெரிக்கா, கனடா வேலை. சட்டங்களை ஆவியில் வேகவைத்து, ஓர் அச்சின்மேல் வளைப்பார்கள். அச்சில் இரும்புப் பட்டை இருக்கும். மேல் பலகையில் ஆணி அடித்தால், நுனி பட்டையில் மோதி மடங்கி மரத்துக்குள்ளேயே திரும்பிப் பிடித்துக்கொள்ளும். ஆசாரி வேலை தெரிந்தவர்கள் இதைக் கேட்டாலே ரசிப்பீர்கள்.

பட்டறைக்குப் பட்டறை அச்சு வேறு. சட்டத்தின் அகலம், இடைவெளி, வளைவு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. கம்பெனிப் பெயர் போட்ட ஒட்டுப்படம் உரிந்துபோகும், சாயம் மாறும்; இவை மாறுவதில்லை.

அடுத்தது இலக்கம். அணியத்தில், அதாவது முன்முனையில், இரண்டு பக்கப் பலகைகளும் வந்து சேரும் உள்கட்டையில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ஓல்ட் டவுன் என்ற வள்ளக் கம்பெனி இலக்கம் பதித்தது. அதன் பின்னால் நீளம், அடிக்கணக்கில். டிக்கோயா வள்ளத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு அந்த இடத்தை மணற்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து வார்னிஷ் பூசியிருந்தார்கள். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தும் நிழல்கூட விழவில்லை. நெஞ்சு வலித்தது. ஆனால் அந்தக் கம்பெனி இரு முனையிலும் பதித்தது. மறுமுனையில் பழைய அழுக்கை மெல்ல ஈரத்துணியால் துடைத்தோம். கடைசியில் 16 தெளிவாக நின்றது. முன்னால் ஒரு நீண்ட எண். இருக்கையைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையும் சாய்சதுரமாக இருந்தது. அதுவும் அங்கத்து வழக்கம்தான், ஆனாலும் மற்றவர்களும் போட்டிருக்கிறார்கள்; அதை மட்டும் நம்பக் கூடாது.

ஓல்ட் டவுனில் வள்ளத்துக்கு ஒன்றாக எழுதிய கார்டுகளில் பெரும்பாலானவை இன்றும் இருக்கின்றன. என்ன மரம், என்ன நிறம், எந்த ஊருக்கு அனுப்பியது என்பதுவரை அதில் இருக்கும். அந்த இலக்கம் தேய்ந்துபோனால் கார்டு இருந்தும் பயனில்லை. அதனால்தான் கேட்கிறேன்: பழைய மரச் சாமான் கைக்கு வந்தால் முதலில் மணற்தாளைத் தொடாதீர்கள். மேசையானாலும் சரி, தேயிலைப் பெட்டியானாலும் சரி. தொடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கனடாவின் செஸ்நட், பீட்டர்பரோ கம்பெனி வள்ளங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். அவற்றுக்கு அப்படித் தேடிப் பார்க்கக் கார்டு கிடையாது. முனையை மேலே மூடும் பலகையின் வடிவம், இருக்கை, மேல் விளிம்பில் ஓடும் ஓரச் சட்டம் முடியும் விதம், இந்த மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். உள்ளே வளைந்த சட்டத்தின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.