புழு அரித்த பலகை அரண்மனைக் கூரை ஏறிய கதை | எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மரம் எடுப்பது எப்படி?

[திரையில்: அரண்மனைக் கூரை, சிவப்பு நிறக் கிட்டார்]

2002 ஜூன் மாதம். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரையில் ஒருவர் தன்னந்தனியாக நின்று பிரிட்டனின் தேசிய கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கிறார். கீழே லட்சக்கணக்கில் கூட்டம். அவர் கையில் இருந்த கிட்டாரின் கழுத்துக்குள் தீக்குச்சிகள் இருக்கின்றன! மரத்தில் புழு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்திருக்கிறார்கள்.

வணக்கம் நண்பர்களே. வீட்டிலேயே கிட்டார் செய்யும் வேலையில் இன்றைக்கு மரம். அந்தத் தீக்குச்சிக் கதைக்கு இதோ வருகிறேன், அதற்கு முன் ஒரே நிமிடம் அடிப்படை.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அசைவைப் பிடிப்பது பிக்கப். ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். அக்கூஸ்டிக் கிட்டார் போல மரப்பெட்டி காற்றை அசைத்துச் சத்தம் எழுப்ப வேண்டியதில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1950 வாக்கில் முதல் கிட்டார்களைப் பைன் மரத்தில் செய்து பார்த்தது, பிறகு ஆஷ், 1956 முதல் ஆல்டர். கிப்சன் 1952இல் மகாகனி உடம்பின் மேல் மேப்பிள் ஒட்டியது. பின்னணி இது போதும்.

"இந்த மரம் போட்டால்தான் இந்த டோன் வரும்" என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கிறது. என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பிக்கப்பும் ஆம்ப்பும் (சத்தத்தைப் பெருக்கும் கருவி) கொண்டுவரும் வித்தியாசத்துக்கு முன்னால் மரத்தின் பங்கு சின்னது. மரத்தின் முதல் வேலை, கோணாமல் நிற்பது. சாதாரணமான ஆறு கம்பி செட்டைச் சுதி சேர்த்துக் கட்டினால் மொத்த இழுவை சுமார் 45 கிலோ. ஏறக்குறைய ஒரு சிமெண்ட் மூட்டையை அந்த ஒல்லிக் கழுத்து இரவு பகலாகத் தாங்குகிறது. அதனால் கடையில் மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, காய்ந்த மரமா, நார் நேராக ஓடுகிறதா என்பதைத்தான்.

[திரையில்: கணப்படுப்பின் மேல் பலகை]

சரி, இப்போது கதை. கூரையில் நின்றவர் குயின் இசைக்குழுவின் பிரையன் மே. 1963இல் அவர் பள்ளி மாணவர். கடைக் கிட்டார் வாங்க வீட்டில் வசதியில்லை. அப்பா ஹரால்ட் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். இருவரும் சேர்ந்து வீட்டிலேயே, கையால் பிடிக்கும் கருவிகளை வைத்தே ஒரு கிட்டார் செய்ய இறங்கினார்கள். குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் பழைய கணப்படுப்பின் மேல்பலகையைக் கழித்துப்போட இருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய மகாகனி. அதுதான் கழுத்து. ஒரு பழைய சாப்பாட்டு மேஜையின் ஓக் மரமும், மரப்பட்டைகளை ஒட்டிச் செய்யும் பிளாக்போர்டு (blockboard) பலகையும் சேர்ந்து உடம்பு. மேலே வெனீர் என்கிற மெல்லிய மகாகனித் தகடு. விரல் பலகையும் ஓக்தான், கருப்புச் சாயம் அடித்தது. அதில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்!

இன்னும் கேளுங்கள். கம்பிகளை வளைத்துச் சுதியை ஆட்டும் டிரெமோலோ இருக்கிறதே, அதன் ஸ்பிரிங்குகள் 1928 மாடல் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அதன் கைப்பிடி, சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பை மாட்டும் கம்பி. நுனியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை. இந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

ஆனால் நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பலகையின் வயசு. மரம் எவ்வளவோ காலத்துக்கு முன்பே காய்ந்து, சுருங்க வேண்டியது சுருங்கி, கோண வேண்டியது கோணி முடித்திருந்தது. மகாகனி கிடைத்தது அதிர்ஷ்டம்தான். அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் அது நூறு வருடம் கணப்படுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. 1985 லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி மேடையிலும் அதே கழுத்துதான்.

நம் ஊரில் இதற்கு நேரான இடம், பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடை. பழைய தேக்குக் கதவு, நிலை, உத்திரம் எல்லாம் அங்கே அடுக்கிக் கிடக்கும். வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுங்கள். போகும்போது பையில் ஒரு நல்ல காந்தம் இருக்கட்டும். பலகை முழுக்க அதைத் தடவிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி ஒன்று போதும், ரம்பத்தின் பல்லும் போகும், ஆளுக்கும் ஆபத்து. புழு ஓட்டை இருந்தால் பலகையைத் தட்டிப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது, வாங்காதீர்கள்.

அப்புறம் எடை. ஆல்டர் மரத்தில் செய்த கிட்டார் உடம்பு சுமார் 2 கிலோ சொச்சம். அதே அளவைத் தேக்கில் வெட்டினால் 3 கிலோ பக்கம் வரும். வேங்கை என்றால் அதற்கும் மேல். கழுத்து, சாவிகள், பிரிட்ஜ் எல்லாம் சேர்த்தால் இன்னும் ஒன்றரை கிலோ. தோளில் மாட்டி ஒரு மணி நேரம் நின்று வாசிப்பது யார் என்று யோசித்துவிட்டு மரம் எடுங்கள். தோட்டத்தில் வளர்ந்த மகாகனி இப்போது தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது, உடம்புக்கு என் முதல் ஓட்டு அதற்குத்தான். தஞ்சாவூரில் வீணை செய்யும் பலா மரமும் நல்ல தேர்வு.

விரல் பலகைக்கு ஈட்டி மரம். நாம் தோதகத்தி என்றும் சொல்கிற அதே மரத்தை இந்தியன் ரோஸ்வுட் என்ற பெயரில் உலகம் முழுக்கக் கிட்டாரில் ஒட்டுகிறார்கள். பில்லோடு விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள், வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம்.

[திரையில்: தராசில் சின்ன மரத்துண்டு]

புதிதாக அறுத்த பலகை வாங்கினால் காய வைக்க வேண்டும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. இரண்டு முனைகளிலும் மெழுகு அல்லது பெயிண்ட் பூசுங்கள், இல்லாவிட்டால் ஈரம் முனை வழியாக அவசரமாக வெளியேறி வெடிப்பு விழும். பலகைகளுக்கு நடுவே ஒரே கனத்தில் குச்சிகள் வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். காய்ந்ததா என்று பார்க்க, பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். ஓவன் அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை சூடாக்குங்கள். 112 கிராம் துண்டு 100 கிராமில் நின்றால் ஈரம் 12 சதவீதம். கிட்டாருக்கு 6 முதல் 10 சதவீதம் நல்லது. கடலோர ஊர்களின் காற்றில் அந்த அளவு இறங்காது, அதனால் வெட்டுவதற்கு முன் சில வாரமாவது பலகையை ஏசி அறையில் போட்டு வையுங்கள்.

மரம் அகலவாக்கில்தான் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. ஈரமான மரத்தில் செய்த கிட்டாரில் ஃப்ரெட் முனைகள், அதாவது விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் முனைகள், கையைக் கீறுவது இதனால்தான். பலகை ஒடுங்கிவிடும், உலோகம் அப்படியே நிற்கும்.

கழுத்துக்கான சட்டத்தின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் உத்தமம். கணு இருந்தால் வேண்டாம். அப்படி ஒரே துண்டு கிடைக்காவிட்டால் மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையின் திசையைத் திருப்பிப் போட்டு ஒட்டுங்கள். ஒன்று வளைய நினைத்தாலும் பக்கத்துப் பட்டை விடாது. தேக்கு என்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலை. உடம்புக்கு இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டும் விளிம்புகள் மேலே இருக்கும்படி, இரண்டையும் புத்தகம் மூடுவது மாதிரி முகத்தோடு முகம் சேர்த்து வைஸில் கட்டுங்கள். இழைப்புளியை இரண்டு விளிம்பின் மேலும் ஒன்றாக ஓட்டுங்கள். கை கொஞ்சம் சாய்ந்தாலும் கவலையில்லை! ஒரு பலகையில் விழுந்த சாய்வுக்கு நேர் எதிர்ச் சாய்வு மற்றதில் விழுந்திருக்கும், விரித்து வைத்தால் இரண்டும் ஈடாகிவிடும். சேர்த்துப் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது.

பசை தடவி இறுக்கிய பிறகு அவசரப்படாதீர்கள். பசையின் தண்ணீரில் இணைப்போர மரம் லேசாக உப்பியிருக்கும். அன்றைக்கே தேய்த்துச் சமமாக்கினால், காய்ந்த பிறகு அந்த இடம் உள்வாங்கி, பாலிஷுக்கு அடியில் ஒரு கோடாகத் தெரியும். சில நாள் விடுங்கள். பிறகு வடிவத்தைக் கொஞ்சம் பெரிதாகவே அறுத்து, இன்னும் ஒரு வாரம் சும்மா வையுங்கள். அப்போதுதான் உள்ளே இருந்த இறுக்கம் விட்டு, மரம் நெளிந்தால் நெளியும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சம அளவு இழைத்து 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்த வீடியோவில் கழுத்துக்குள் டிரஸ் ராட், அதாவது கழுத்து வளையாமல் தாங்கும் உலோகக் கம்பி, வைக்கப் போகிறோம், மறக்காமல் சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள். உங்களில் யாராவது பூவரசிலோ மலைவேம்பிலோ கிட்டார் உடம்பு செய்திருந்தால், எடை எவ்வளவு வந்தது, இரண்டு மழைக்காலம் தாண்டியும் நேராக இருக்கிறதா என்று கமெண்ட்டில் எழுதுங்கள்.