பேய் எங்கே சார்?

நேயர்களுக்கு வணக்கம். பேய்க்கதை பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேச முடியுமா என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டபோது, சரி என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன், எனக்குச் சொந்தமாகச் சொல்ல ஒரு பேய்கூடக் கிடையாதே என்று. எங்கள் ஊர்ப் புளியமரத்தில்கூட ஒன்றும் இல்லை, அதை வெட்டி ரோடு போட்டுவிட்டார்கள். அதனால் என் கதையை விட்டுவிட்டு, பேய்வீட்டு நாவல் ஒன்றைப் படித்துவிட்டு எங்கள் வாசிப்பு வட்டத்தில் போட்ட சண்டையைச் சொல்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் முடிந்தபாடில்லை.

நாவலின் பெயர் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்'. 1959இல் வந்தது. எழுதியவர் ஷெர்லி ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண். நாலு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவில் எழுதியவர், 48 வயதில் இறந்துபோனார். 1960இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் இந்த நாவலும் இருந்தது. திகில் கதைகளுக்குப் பேர்போன எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1981இல் எழுதிய ஒரு புத்தகத்தில், கடந்த நூறு வருடத்தில் வந்த அமானுஷ்ய நாவல்களில் மகத்தானவை என்று தனக்குத் தோன்றுவது இரண்டுதான், அதில் இது ஒன்று என்று சொல்லிவிட்டார். வம்பே அங்கேதான் ஆரம்பம். இப்படி ஒரு சிபாரிசைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறவன் என்ன எதிர்பார்ப்பான்? முதல் பக்கத்திலேயே கதவு கிறீச்சிட வேண்டும், பத்தாவது பக்கத்தில் ரத்தம் வழிய வேண்டும்.

இங்கே பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டேதான் போகிறாள்.

எங்கள் வட்டத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், கணக்குப் பார்த்தே பழகியவர். முதல் ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "பேய் எங்கே சார்?" என்றார். குறிப்பே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கதவு தட்டும் சத்தம் வருகிறது, சரி. சுவரில் சாக்பீஸால் எழுத்து வருகிறது, சரி. குழந்தைகள் அறை வாசலில் ஓர் இடம் மட்டும் ஐஸ் மாதிரி குளிர்கிறது, அதுவும் சரி. ஆனால் பேய் என்று ஒன்று கடைசிவரை கண்ணில் படவே இல்லையே, காசு கொடுத்து வாங்கினவனுக்கு இது நியாயமா என்பது அவர் கட்சி. அவரைக் குறை சொல்ல முடியாது. உலகம் பூராவும் இந்த நாவலைப் படித்த நிறையப் பேர் சொல்கிற புகார் இதுதான். 2018இல் இதே பெயரில் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்த பிறகு புகார் இன்னும் கூடிப்போச்சு. அந்தத் தொடரில் அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள், அவர்களைத் துரத்தும் ஆவிகள் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர் அந்தக் குடும்பத்தைத் தேடுகிறார். நாவலில் அப்படியொரு குடும்பமே கிடையாது, பெயர்களையும் அங்கங்கே சில துணுக்குகளையும்தான் எடுத்துக்கொண்டார்கள். 1963இல் ராபர்ட் வைஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் நாவலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதிலும் பேயைக் காட்டவில்லை. ஒரு மரக்கதவு மூச்சு விடுவது மாதிரி உள்வாங்கி வெளியே வரும், அவ்வளவுதான், அன்றைக்கு ராத்திரி நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாண்டேகு என்று ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆவிகளை அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று கிளம்பியவர். எண்பது வருடம் பழமையான ஹில் ஹவுஸை ஒரு கோடைக்காலத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார். துணைக்கு எலனார், தியோடோரா என்று இரண்டு பெண்கள், வீட்டை அடுத்து அனுபவிக்கப்போகிற லூக் என்ற இளைஞன். வீட்டைக் கட்டிய ஹியூ கிரெய்ன், எந்த மூலையையும் சரியான செங்கோணத்தில் கட்டவில்லை. எல்லாம் ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம். திறந்து வைத்த கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, சிவில் எஞ்சினியர், "ரசமட்டம் வைக்காமக் கட்டின வீடு சார், பேயெல்லாம் ஒண்ணுமில்லை" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், ஆனால் அதையேதான் டாக்டரும் நாவலுக்குள் சொல்கிறார். சின்னச் சின்னக் கோணல்கள் எல்லாம் கூடித்தான் இத்தனை பெரிய கோணல் என்று விளக்கம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறமும் அவரே வழி தெரியாமல் தவிக்கிறார்.

அப்புறம் திருமதி டட்லி. சமையல்காரம்மா. இருட்டுகிறதுக்கு முன்னால் கிளம்பிவிடுவேன், ராத்திரி நீங்கள் கத்தினால் கேட்க ஆளில்லை, காலை ஒன்பதுக்குச் சாப்பாடு, பத்துக்கு மேசையைத் துடைத்துவிடுவேன் என்று யார் வந்தாலும் ஒரே பாட்டை ஒரே ராகத்தில் ஒப்பிக்கிறவர். எந்த வாசகரைக் கேட்டாலும் இவரைப் பிடிக்கும். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் இந்தம்மாவைத் தெரியும்.

இரண்டாவது ஞாயிறு சண்டை வேறு பக்கம் திரும்பியது. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், "பேயெல்லாம் இல்லை அங்கிள், எலனாருக்குத்தான் மனசு சரியில்லை, எல்லாம் அவ கற்பனை" என்றாள். இது இரண்டாவது பெரிய கட்சி. ஆதாரமும் வலுவாக இருக்கிறது, கதை பெரும்பாலும் எலனாரின் தலைக்குள்ளிருந்துதான் நமக்கு வருகிறது. வீட்டுச் சுவரில் எழுத்து வந்தால் அதில் இருப்பது அவள் பெயர்தான், எலனார் வீட்டுக்கு வர உதவுங்கள் என்று. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அவர்கள் வீட்டின் மேல் மூன்று நாள் கல்மழை பொழிந்ததாக முதலிலேயே சொல்லிவிடுகிறார் ஆசிரியர். அதனால்தான் டாக்டரே அவளைக் கூப்பிட்டிருக்கிறார். கல் எறிந்தது யார்? அக்கம்பக்கத்துக்காரர்கள் என்பாள் எலனாரின் அம்மா. அக்காளோ தங்கையைக் கைகாட்டுவாள், தங்கை அக்காளைக் கைகாட்டுவாள். நம் ஊரில் வீட்டின் மேல் கல் விழுந்தால் முதலில் குட்டிச்சாத்தான் என்பார்கள், அப்புறம் பங்காளித் தகராறு என்பார்கள். அங்கேயும் அதே இரண்டு சந்தேகம்தான்.

ஆனால் மற்றவர்களும் அந்தச் சத்தங்களைக் கேட்கிறார்களே, அவர்களுக்குமா மனசு சரியில்லை என்று நான் கேட்டேன். அந்தப் பெண் விடவில்லை. கை விஷயத்துக்கு வந்தாள்.

நாவலைப் படித்த யாரைக் கேட்டாலும் வந்து நிற்கிற இடம் இந்தக் கை. ராத்திரி, ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் எலனாரும் தியோடோராவும் படுத்திருக்கிறார்கள். இருட்டில் எங்கேயோ ஒரு குழந்தை அழுகிற சத்தம். பயத்தில் எலனார் தியோடோராவின் கையை எட்டிப் பிடிக்கிறாள், விரல் எலும்புகள் தட்டுப்படுகிற அளவுக்கு இறுக்கிக்கொள்கிறாள். சத்தம் பொறுக்க முடியாமல் போய், நிறுத்து என்று கத்துகிறாள். விளக்கு எரிகிறது. தியோடோரா தன் கட்டிலில், அப்போதுதான் தூக்கம் கலைந்து உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான், அத்தியாயம் முடிகிறது. ஆசிரியர் அந்தக் கையைப் பற்றி விளக்கம் கொடுக்கவே இல்லை. கனவாக இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். வங்கிப் பெரியவர் உடனே, "இது ஒண்ணு நல்லா இருந்துச்சு, ஒத்துக்கறேன்" என்றார். என்னைக் கேட்டால், ஒரு மனுஷிக்கு இருட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்படுகிறது, அந்த வீடு கையை நீட்டுகிறது. அது யார் கை என்று கேட்பதைவிட, அவள் ஏன் அவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருந்தாள் என்பதுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், வாசகர் அபிப்பிராயம் என்று வந்தால் ஷெர்லி ஜாக்சன் பட்ட பாடு வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். 1948 ஜூன் மாதம் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் 'தி லாட்டரி' என்று ஒரு சிறுகதை எழுதினார். அமைதியான கிராமம், வருடா வருடம் ஒரு குலுக்கல், சீட்டு விழுந்தவரை ஊரே சேர்ந்து என்ன செய்கிறது என்பது கதை. அந்தக் கோடையில் முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்தன. அதில் அன்பாகப் பேசியவை பதின்மூன்றுதான், அதுவும் பெரும்பாலும் நண்பர்களிடமிருந்து வந்தவை என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். பெற்ற தாயே, அப்பாவுக்கும் எனக்கும் உன் கதை கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று எழுதினார். தபால் நிலையத்தில் இருப்பதிலேயே பெரிய பெட்டியாக மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததாம். திட்டி எழுதியவர்களைவிட அவரை அதிகமாக ஆச்சரியப்படுத்தியவர்கள், இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்தவர்கள்.

ஹில் ஹவுஸை எழுதும் முன்பு அவர் வீடுகளின் படங்களைத் தேடிக்கொண்டிருந்தார். பார்த்தாலே மனசுக்கு ஒவ்வாத மாதிரி ஒரு வீடு கலிபோர்னியாவில் இருப்பது தெரிந்து, அந்தப் பக்கம் வசித்த தாயாரிடம் விசாரித்தால், தெரியாமல் என்ன, நம் குடும்பத்து மூதாதை ஒருவர் கட்டிய வீடுதானே என்று பதில் வந்ததாம். இன்னொரு நாள் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் மேசையில் ஒரு தாளில் 'இறந்தாயிற்று, இறந்தாயிற்று' என்று எழுதியிருக்கிறது, அவருடைய கையெழுத்திலேயே. தூக்கத்தில் நடந்து வந்து எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் எங்கள் எஞ்சினியர் தம்பி ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது ஞாயிறுதான் நான் சொல்ல வந்தது. எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அதிகம் பேச மாட்டார், வருவார், டீ குடிப்பார், எல்லாரும் பேசி முடித்ததும் எழுந்து போவார். அன்றைக்கு அவர்தான் முதலில் பேசினார். "நீங்க எல்லாம் வீட்டைப் பத்தியே பேசறீங்க. அவளுக்கு வீடு இல்லைங்கறதை யாருமே பேசலையே" என்றார்.

நான் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். எலனாருக்கு வயது 32. நோயில் படுத்த அம்மாவைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவள். அம்மா போன பிறகு அக்காள் வீட்டில், அக்காள் குழந்தையின் அறையில், ஒரு மடக்குக் கட்டிலில் படுக்கிறாள். காரில் பாதி விலை அவள் போட்டது, ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு போக அனுமதி கிடையாது. விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். நாங்கள் போரடிக்கிறது என்று தள்ளிக்கொண்டு போன அந்தக் கார்ப்பயணம் முழுவதும் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா, வழியில் கண்ட வீடுகளில் எல்லாம் குடியேறுகிறாள். வாசலில் இரண்டு கல் சிங்கம் இருக்கிற ஒரு வீட்டைப் பார்த்து, தினமும் அந்தச் சிங்கங்களைத் துடைத்து, அங்கேயே வாழ்ந்து முடித்துவிடுகிறாள், காரை நிறுத்தாமலே. ஓர் உணவகத்தில் ஒரு சின்னப் பெண் நட்சத்திரம் போட்ட தன்னுடைய குவளையில்தான் பால் குடிப்பேன் என்று அடம் பிடிப்பதைப் பார்த்து, விட்டுக்கொடுக்காதே என்று மனசுக்குள் அவளுக்குச் சொல்கிறாள். பின்னால் ஹில் ஹவுஸில் தியோடோராவிடம், எனக்குத் தனி வீடு இருக்கிறது, கல் சிங்கம் இருக்கிறது, நட்சத்திரக் குவளைகூட ஒன்று இருந்தது என்று அளக்கிறாள். வழியில் பொறுக்கிய பொருள்களை வைத்தே ஒரு வீட்டைக் கட்டிவிட்டாள். கடைசியில் மற்றவர்களெல்லாம் நீ கிளம்பிப் போய்விடு என்கிறபோது, எனக்கு வீடே இல்லை, அக்காள் குழந்தை அறையில் கட்டிலில் படுப்பவள் நான் என்று ஒப்புக்கொள்கிறாள். அதற்கு மேல் என்ன ஆகிறது என்பதைச் சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள், அறுபது வருடத்துக்கு மேல் ஆன நாவல்தான் என்றாலும் சொல்வது தப்பு.

எலனார் எரிச்சலூட்டுகிறாள் என்று நிறையப் பேர் சொல்வார்கள், தன்னிரக்கம் ஜாஸ்தி, எல்லாரையும் ஒட்டிக்கொண்டு திரிகிறாள் என்று. முதல் தடவை படித்தபோது நானும் அதைத்தான் சொன்னேன். இப்போது அந்த எரிச்சல் அவள் மேலா, அந்த மாதிரி நம் வீட்டு மூலையில் படுக்கிற ஒரு சித்தியின் மேலா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பேய் அவளை மிரட்டவில்லை. அந்த வீடு ஒன்றுதான் அவள் பெயரைச் சொல்லி வா என்று கூப்பிடுகிறது.

அக்கா இன்னொரு பக்கத்தைக் காட்டினார். எலனாரின் அம்மா இறந்த ராத்திரி சுவரைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள், மருந்துக்காக. எலனார் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டேனா, இல்லை, முழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேனா, தெரியவில்லை என்கிறாள். ஹில் ஹவுஸில் இரண்டாவது ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டு எழும்போது, தூக்கக் கலக்கத்தில் அவள் வாயில் வருவதும் அம்மாவுக்குச் சொல்கிற பதில்தான், இதோ வருகிறேன் என்று.

"தெரியலைன்னு சொல்றா பாருங்க, அது பொய்" என்றார் அக்கா. "முழிச்சுத்தான் இருந்திருப்பா."

வங்கிப் பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா ஏழு வருடம் தன் அம்மாவுக்குப் படுக்கையிலேயே எல்லாம் செய்தவர் என்பது அவருக்கும் தெரியும். கொண்டுவந்திருந்த குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீ ஆறுது, குடிங்கம்மா என்றார்.

நன்றி, வணக்கம்.