கம்பியும் முளையும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"சின்ன வயதில் பிடித்துப்போன இருண்ட விலங்குப் படத்தை வளர்ந்த பிறகு திரும்பப் பார்த்தால் மிஞ்சுவது பயமா, பக்குவமா?" இதுதான் இன்றைய தலைப்பு. பக்குவமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மேலோட்டமாகப் பேசாமல் ஒரே ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 1978இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற முயல்களைப் பற்றிய கோட்டோவியப் படம். நானும் அந்தப் படத்தை விட்டு நகராமல் பதில் சொல்கிறேன்.

அவர் சொன்ன குற்றங்கள் மூன்று. படத்தில் இரத்தம் அதிகம் என்றார். 'யு' சான்றிதழ் கொடுத்த பிரிட்டிஷ் தணிக்கை வாரியமே 44 ஆண்டு கழித்து அதை மாற்றித் தன் தவற்றை ஒப்புக்கொண்டது என்றார். கதாநாயகன் செத்துப்போவதோடு முடிகிற படத்தைப் பிள்ளைக்கு என்ன சொல்லி விளக்குவது என்று கேட்டார். அந்த மூன்றாவது கேள்விதான் கனமானது. அதைக் கடைசியில் எடுக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாண்டில்ஃபோர்டு என்ற இடத்தில் ஒரு முயல் வளை. அங்கே கட்டடம் வரப்போகிறது என்று மனிதர்கள் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போகிறார்கள். முயலுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஃபைவர் என்ற நோஞ்சான் முயலின் கண்ணுக்கு வயல் முழுக்க இரத்தம் பரவுவது தெரிகிறது. வளையின் தலைவன் நம்பவில்லை. ஃபைவரின் அண்ணன் ஹேசல் நம்புகிறான். ஒரு சிறு கூட்டம் கிளம்பி, ஹாம்ப்ஷரில் நிஜமாகவே இருக்கிற வாட்டர்ஷிப் டவுன் என்ற குன்றுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே குடியேறினாலும் பெண்முயல்கள் இல்லை. அதற்காக எஃப்ராஃபா என்ற கொடுங்கோல் வளைக்குள் நுழைகிறார்கள். அதன் தலைவன் ஜெனரல் வூண்ட்வர்ட் படையோடு துரத்தி வருகிறான். ரிச்சர்டு ஆடம்ஸ் தம் இரண்டு மகள்களுக்குக் காரில் போகையில் சொல்லத் தொடங்கிய கதை இது. 1972இல் நாவலாயிற்று. மார்ட்டின் ரோசன் தயாரித்து இயக்கிய படத்தின் நீளம் 92 நிமிடம்.

கதை பிறந்த இடத்தைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே. ஒரு கார், ஓர் அப்பா, கேட்பதற்கு இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவர்களுக்கு எழுதியதைத் தெரியாமல் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டார்கள் என்ற வாதம் இங்கே எடுபடாது.

இப்போது இரத்தத்துக்கு வருகிறேன். படத்தில் இரத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஹேசலின் கூட்டத்துப் பலசாலி முயலான பிக்விக்கும் வூண்ட்வர்ட்டும் சுரங்கத்துக்குள் கட்டிப் புரளும் காட்சி கடுமையானது. ஆனால் அந்த இரத்தம் எந்த ஒப்பந்தத்தின் பேரில் சிந்துகிறது என்று பாருங்கள். படம் ஒரு புராணத்தோடு தொடங்குகிறது. முதலில் இந்தப் படத்தை இயக்கிய ஜான் ஹப்லி பாதியில் விலகி 1977இல் காலமானார். அவருடைய கைவண்ணம் இந்தத் தொடக்கத்தில்தான் நிலைத்திருக்கிறது. தட்டையான, கோலம் போட்டாற்போன்ற உருவங்கள். சூரியக் கடவுளான ஃப்ரித் உலகைப் படைக்கிறார். முயல்களின் முன்னோன் செருக்கில் கேட்காமல் பெருகுகிறான். கடவுள் நரிக்கும் பருந்துக்கும் பல்லும் நகமும் கொடுத்துவிட்டு, முயலுக்குப் பின்னங்காலில் பலத்தைக் கொடுக்கிறார். உலகமே உனக்குப் பகை, பிடித்தால் கொல்வார்கள், ஆனால் முதலில் உன்னைப் பிடிக்க வேண்டும் என்கிறார்.

அதற்குப் பிறகுதான் நீர்வண்ணத்தில் தீட்டிய இங்கிலாந்துப் புல்வெளி திரையில் விரிகிறது. ஆட்ட விதியை முதலிலேயே சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிற நேர்மை இது. பயமுறுத்துவதற்காக இருட்டிலிருந்து திடீரென்று பாய்கிற படங்களிடம் இந்த நேர்மை கிடையாது.

பயத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். அஞ்சத்தக்கவை தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என நான்கு. படத்தை இந்த நான்கு பெட்டிகளில் போட்டுப் பாருங்கள், ஒரு காட்சியும் வெளியே சிந்தாது. வெள்ளரித் தோட்டத்துக்குப் போனவன் பாம்பை மிதித்தாற்போல, அவரைச் செடி வயலில் இரை தேடப் போன வயலெட் என்ற முயலைப் பருந்து கொண்டுபோகிறது. அது விலங்கு. பகலில் காய்கறி போட்டுவிட்டு வேலியோரம் சுருக்கு வைக்கிற குடியானவன் கள்வன். குடிகளின் உடம்பில் பல்லால் அடையாளமிட்டு, யார் எப்போது வெளியே போய் மேயலாம் என்று கட்டளையிடும் வூண்ட்வர்ட் இறை. அணங்கு யார் என்றால், சாவைக் கூட்டிவரும் கருமுயல். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, அடுக்கும்போது அச்சத்தை ஐந்தாவதாக வைக்கிறார். அதற்கு அடுத்த இடம் பெருமிதத்துக்கு. அச்சத்தைத் தாண்டாமல் அந்தப் படிக்குக் கால் வைக்க முடியாது.

எங்கள் அணியின் வாதம் முழுவதையும் ஒரே காட்சியில் காட்ட முடியும். அது கண்ணிக் காட்சி.

வழியில் கௌஸ்லிப் என்றொரு முயலின் வளையில் தங்குகிறார்கள். அங்கே எல்லாரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள், சோகமாகக் கவிதை சொல்கிறார்கள். காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் பிக்விக்கின் கழுத்தில் சுருக்கு விழுகிறது. முயல் கண்ணியின் அமைப்பு மிக எளியது. மெல்லிய கம்பியில் ஒரு வளையம், மறுமுனை தரையில் அறைந்த முளையில் கட்டியிருக்கும். தலை உள்ளே போய் முயல் முன்னே பாயும்போது வளையம் இறுகும். தளர்த்த அதற்குக் கை கிடையாது. பயந்தவன் செய்கிற முதல் காரியம் திமிறுவது. திமிறத் திமிறக் கம்பி கழுத்தை அறுக்கும். படம் வரைந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வரைந்திருக்கிறார்கள். பிக்விக்கின் வாயில் நுரையும் இரத்தமும் கட்டுகிறது, கண் செருகுகிறது. நண்பர்கள் என்ன செய்கிறார்கள்? முளையைச் சுற்றித் தோண்டுகிறார்கள், பல்லால் கடிக்கிறார்கள். முளை போனதும் கம்பிக்கு இழுக்கும் பலம் போகிறது. செத்தான் என்று நினைத்தவன் மூச்சுவிடுகிறான்.

ஆறு வயதில் பார்த்தவருக்கு நினைவில் நிற்பது கம்பியும் நுரையும். முப்பத்தாறு வயதில் திரும்பப் பார்ப்பவரின் கண் தானாக முளைக்குப் போகிறது. காட்சி மாறவில்லை, முளையும் முதல் நாளிலிருந்து அதே சட்டகத்தில்தான் இருந்தது. எதிரணி நண்பரே, நாங்கள் பக்குவம் என்று சொல்வது இந்தக் கண் நகர்வைத்தான்.

இதே கணக்கு படம் முழுக்க ஓடுகிறது. சாண்டில்ஃபோர்டு வளை அழிந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் மிகக் கொடூரமான பகுதி அதுதான். வளையின் வாசல்கள் அடைபட்டு, சுரங்கத்துக்குள் முயல்கள் நெருக்குண்டு மூச்சடைத்துச் சாகின்றன. அதை நேரடியாகக் காட்டவில்லை. தப்பி வந்த ஹோலி என்ற முயல் சொல்லச் சொல்ல, வரையும் பாணியே மாறுகிறது. புல்வெளியின் இயல்பான வண்ணம் போய், முறுக்கிய வேர்களும் மிதக்கும் முகங்களுமாகக் கெட்ட கனவின் வடிவம் வருகிறது. இது நடந்து முடிந்தது, இப்போது நினைவாக இருக்கிறது, சொல்கிறவன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்ற மூன்று செய்திகளையும் பாணியே சொல்லிவிடுகிறது. அடுத்ததாகக் குன்று வருகிறது. காற்றும் வெளிச்சமும் வருகின்றன. அதற்கு அடுத்து கேஹார் என்ற வாயாடிக் கடற்பறவை. அமெரிக்க நடிகர் ஸீரோ மாஸ்டெல் குரல் கொடுத்த கடைசிப் படம் இது. ஹேசல் சுடப்பட்டபோது காலில் தைத்த ரவைகளை அலகால் கொத்தி எடுப்பதும் இந்தப் பறவைதான். வைத்தியர் கசாயத்தின் பின்னாலேயே வெல்லம் வைத்திருக்கிறார். ஏஞ்சலா மோர்லியின் இசையை மட்டும் தனியாகக் கவனித்தாலும் எங்கே பயம் முடிகிறது, எங்கே மூச்சுவிடலாம் என்று தெரியும்.

படத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது, எதிரணி அதைத் தொடவேயில்லை. பெரிய நாவலை 92 நிமிடத்தில் அடக்கியதால் முயல்கள் சட்டென்று வந்து சட்டென்று போகின்றன. பழுப்பு நிறத்தில் பல முயல்கள் ஒன்றுபோல இருக்கின்றன. செத்தது யார் என்று புரியாத பிள்ளைக்கு எல்லாச் சாவும் ஒரே சாவாகிவிடும். காரணம் தெரியாத பயம்தான் இரவில் கூடவே வரும்.

சான்றிதழ் விஷயம். 1978இல் வாரியம் 'யு' கொடுத்தபோது, கோட்டோவியம் என்பதால் கொடூரத்தின் நிஜத்தன்மை குறைகிறது, கதையின் மயக்கம் கலைந்ததும் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாது என்று காரணம் சொன்னார்கள். 2022இல் அதை 'பி.ஜி.' ஆக்கினார்கள். வன்முறை, மிரட்டல், சிறிது நேரமே வரும் இரத்தக் காட்சிகள், ஒரு கெட்ட வார்த்தை ஆகியவை காரணம். எங்கள் அணி அந்த மாற்றத்தை வரவேற்கிறது. 'யு' என்றால் நான்கு வயதுக்கு மேல் எல்லாருக்கும் பொருந்தும். 'பி.ஜி.' என்றால் எட்டு வயதை ஒட்டிய பிள்ளையை நிலைகுலைக்காது, அதற்குக் கீழே என்றால் பெரியவர் யோசித்துக் காட்ட வேண்டும். அது தடை ஆகாது, பக்கத்தில் உட்காருங்கள் என்ற வேண்டுகோள். 2016இல் ஈஸ்டர் ஞாயிறன்று பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி இதை ஒளிபரப்பிப் பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஈஸ்டர் என்றால் முயல், முயல் என்றால் குட்டிப் பிள்ளைகள் என்று போட்ட கணக்கு அங்கே தவறியது. பொம்மைப் படம்தானே என்று பிள்ளையைத் தனியாகத் திரைமுன் விடுவது எந்த நாளிலும் தவறு.

நேசித்த படத்தைத் தன் பிள்ளையோடு திரும்பப் பார்க்க நினைக்கிறவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களுக்குச் சில வழிமுறைகள். முதலில் நீங்கள் தனியாக முழுப் படத்தையும் ஒரு முறை பாருங்கள். நினைவில் இருக்கிற படமும் நிஜப் படமும் ஒன்றாக இராது. பிள்ளைக்குத் தொடக்கப் புராணத்தை மட்டும் முதல் நாள் காட்டுங்கள். ஹேசல் யார், குட்டியாக மிரண்ட கண்ணோடு இருக்கும் ஃபைவர் யார், உச்சந்தலையில் முடிக்கற்றை உள்ள பிக்விக் யார் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் பகலில், விளக்கோ வெளிச்சமோ இருக்கும்போது மீதியைப் போடுங்கள். ஒலியைக் குறையுங்கள், பயத்தில் பெரும்பங்கு காதுவழிதான் வருகிறது. பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு: பிள்ளை முகத்தைப் பொத்தியதும் பதறிப் படத்தை நிறுத்திவிடுவார்கள். கண்ணிக் காட்சியில் பிக்விக் அசையாமல் கிடக்கும்போது நிறுத்தினால், அவன் அந்தப் பிள்ளையின் மனத்தில் அப்படியே கிடப்பான். அவன் எழுந்த பிறகு நிறுத்துங்கள். ஹோலியின் கதையில் என்றால் குன்று வரும் வரை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "சும்மா படம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை பயந்தது உண்மை, அதைப் பொய் என்று சொல்வது அதனிடம் பொய் சொல்வது. "முளையைத் தோண்டுகிறார்கள் பார்" என்று விரலால் காட்டுங்கள்.

இனி மூன்றாவது கேள்வி. கதாநாயகன் சாகிறானே, என்ன சொல்வது?

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வூண்ட்வர்ட்டின் படை வளையைச் சூழ்ந்திருக்கும்போது ஹேசல் ஃப்ரித்திடம் பேரம் பேசுகிறான். என் உயிரை எடுத்துக்கொண்டு இவர்களைக் காப்பாற்று என்கிறான். இப்படிக் கேட்காத தாயும் இல்லை, கேட்காத நாளும் இல்லை, ஆனால் பேரம் கிடையாது என்று பதில் வருகிறது. சிறுவர் படம் ஒன்றில் கடவுள் இவ்வளவு நேராகப் பேசியதை வேறெங்கும் எங்கள் அணி கண்டதில்லை. அந்தப் பதிலைக் கேட்டும் ஹேசல் பண்ணைக்கு ஓடி நாயின் கயிற்றைக் கடித்து அறுத்து, அதை வூண்ட்வர்ட்டின் படைமீது திருப்பிவிடுகிறான். உள்ளே பிக்விக், என் தலைவன் என்னை இங்கே நிற்கச் சொன்னான் என்று வழியை மறித்து நிற்கிறான். தன்னைவிடப் பெரிய தலைவன் ஒருவன் இருக்க வேண்டும் என்று எண்ணி வூண்ட்வர்ட் திகைக்கிறான். அந்தத் தலைவன் ஒரு நொண்டிக் கால் முயல். தொல்காப்பியர் பெருமிதத்துக்குச் சொன்ன தறுகண், அதாவது அஞ்சாமை, இதுதான்.

சில ஆண்டுகள் கழிகின்றன. ஹேசல் கிழவனாகிப் புல்லில் படுத்திருக்கிறான். கருமுயல் வருகிறது. படத்தின் நடுவில் நம்மைக் குலைநடுங்க வைத்த அதே அணங்கு. குண்டடிபட்ட ஹேசலிடம் ஃபைவருக்கு வழிகாட்டிக் கூட்டிப்போனதும் அதுதான். அது இப்போது அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறது, தன் கூட்டத்தில் சேர வரச் சொல்கிறது. ஹேசல் குன்றின்மேல் மேயும் குட்டிகளைத் திரும்பிப் பார்க்கிறான். அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்களும் அவர்களைப் போல ஆயிரமாயிரம் பேரும் நன்றாக இருப்பார்கள் என்று பதில் வருகிறது. உடம்பைப் புல்லில் விட்டுவிட்டு அவன் கிளம்புகிறான்.

என்ன சொல்வது என்று கேட்டீர்கள், நண்பரே. ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த இடத்தில் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். ரிமோட்டைத் தொடாமல், எழுத்துகள் ஓடி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

வணக்கம்.